பழைய விக்ராந்தா, புதிய விக்ராந்தா? பெரிய மாதிரி கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

பெரிய கப்பல் மாதிரி கட்டக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக முதலில் கப்பலைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் ஸ்கேல், அப்புறம் பொருள். கட்டியதை எந்த வாசல் வழியாக வெளியே எடுப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். விமானந்தாங்கிக் கப்பல் விஷயத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. வண்டியில் தொடங்கிக் கப்பலுக்கு வந்தால் கேள்விகளில் பாதி தானாகவே அடங்கிவிடுகிறது.

கட்டப் போவது நாங்கள் நாலு பேர். சரக்குக் கப்பல்களில் பல வருடம் ஓடிவிட்டுக் கீழக்கரையில் ஓய்வாக இருக்கும் ஒரு காக்கா (கீழக்கரைப் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பாம்பனில் பைபர் படகு வேலை செய்யும் ஒரு அண்ணன், ஒரு பள்ளி ஆசிரியர், வரைபடமும் கணக்கும் பார்க்கிற நான். மாதிரியை ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தண்ணீரில் இறக்கினால் ரிமோட்டில் ஓடவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற ஆசைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு மட்டும் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

நிஜ விமானந்தாங்கியை நம் கரையிலிருந்து யாரும் பார்க்கப் போவதில்லை. இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கியான புதிய விக்ராந்தின் அகலம் 62 மீட்டர். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர். "அகலத்துல நுழைஞ்சிரும்" என்று காக்கா ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனால் அந்தப் பகுதி மேலே போவது 17 மீட்டர்தான், கப்பலோ அடியிலிருந்து கொடிமரம் வரை 59 மீட்டர். அதற்கெல்லாம் வெகு தூரம் முன்பே அடிப்பகுதி தரைதட்டி உட்கார்ந்துவிடும். மேற்குக் கரையிலிருந்து வங்கக் கடலுக்கு வரும் பெரிய போர்க்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் வருகின்றன. ஆகவே நம் பிள்ளைகளுக்கு மாதிரிதான் கதி.

வண்டியும் வாசலும்

நம் ஊர்களில் கிடைக்கிற சின்னச் சரக்கு வண்டி குட்டி யானை, அதாவது டாடா ஏஸ். அதன் பின்தட்டு ஏறக்குறைய ஏழு அடி நீளம். பள்ளிக்கூட வகுப்பறை வாசல் மூன்று அல்லது மூன்றரை அடி அகலம். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

ஏழு அடிக்கு மேல் போனால் பெரிய வண்டி பிடிக்க வேண்டும், அல்லது மாதிரியை இரண்டு துண்டாகக் கழற்றும்படி கட்ட வேண்டும். இரண்டாவது யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஓடாத மாதிரிக்குச் சரியும்கூட. ஆனால் தண்ணீரில் இறங்குகிற கப்பலின் உடலை நடுவில் வெட்டினால், ரப்பர் வாஷர், போல்ட், கசிவு என்று ஒவ்வொரு முறையும் அதே வேலை. உப்புத் தண்ணீரில் அந்த போல்ட் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் படகு வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரே துண்டுதான் வேண்டும்.

எடையும் இதோடு சேர்ந்தது. ஸ்கேல் இரண்டு மடங்கானால் நீளம் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு. சரியான நீர்மட்டக் கோட்டில் மிதக்க வேண்டும் என்றால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. குறைவாகக் கட்டினாலும் பாரம் போட்டு அந்த எடைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். நாலு பேர் இருக்கிறோம், அதில் காக்காவுக்கு முழங்கால் வலி. கரையில் மணலில் கால் புதைய நடந்து தூக்குகிற எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

எந்தக் கப்பல்

இந்தியாவிடம் இதுவரை நான்கு விமானந்தாங்கிகள் இருந்திருக்கின்றன. 1961-ல் சேர்ந்த பழைய விக்ராந்த், 1987-ல் வந்த விராட், 2013-ல் ரஷ்யாவிலிருந்து வந்த விக்ரமாதித்யா, 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் பணியில் சேர்ந்த புதிய விக்ராந்த். மாதிரிக்கு ஐந்தாவது தேர்வாக, கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிற அமெரிக்கக் கப்பல்கள்.

அமெரிக்கக் கப்பலை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நிமிட்ஸ் 333 மீட்டர். 1/100 ஸ்கேலில், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைத்தாலே, பதினோரு அடிக்கு அருகில் வரும். எடை நூறு கிலோ. 1/350-ல் கட்டினால் 95 சென்டிமீட்டர். அதற்கு நல்ல பிளாஸ்டிக் கிட் இருக்கிறது, பெட்டியைத் திறந்து ஒட்ட வேண்டியதுதான். கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் 1/200-ல் வந்திருக்கும் இரண்டாம் உலகப் போர்க் கால ஹார்னெட் இருக்கிறது, நாலடிக்கு மேல். தனியாக வீட்டில் உட்கார்ந்து ரசித்துக் கட்டுகிறவருக்கு நான் இவற்றைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சுற்றி நிற்கும்போது மூன்றடிக் கப்பல் பின்வரிசைக்குத் தெரியாது. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். மேஜைமேல் வைக்கிற அளவுக்கு மயங்க மாட்டார்கள்.

விக்ரமாதித்யா 284 மீட்டர். நான்கு சுழலி (புரொப்பல்லர்) தண்டுகள், சோவியத் காலத்து அடுக்கடுக்கான கோபுரம், அதில் எண்ண முடியாத ஆன்டெனா. கட்டுகிறவனுக்கு அது ஒரு தண்டனை. பார்க்க அழகு என்பதை மறுக்கவில்லை.

விராட் 226 மீட்டர். பிரிட்டனில் ஹெர்மிஸ் என்ற பெயரில் 1959-ல் சேர்ந்து, 1982 பாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக நின்று, பிறகு முப்பது வருடம் நம்மிடம் ஓடியது. சீ ஹாரியர் விமானங்களுக்கான மேல்நோக்கிய வளைவு முன்பக்கத்தில் இருக்கிறது. அந்த வளைவைத் தட்டையான தளத்தோடு மேடு தெரியாமல் சேர்ப்பது தனி வேலை. ஆசிரியருக்கு இந்தக் கப்பல்மேல்தான் கண். நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் பழைய விக்ராந்துக்கு அவரிடம் பதில் இல்லை.

உண்மையான போட்டி இரண்டு விக்ராந்துகளுக்கு இடையில்தான். புதியதன் பக்கம் பலமான வாதங்கள் உண்டு. நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது, பிள்ளைகள் செய்தியில் பார்த்தது, கேட்டால் பெயர் சொல்லுவார்கள். 262 மீட்டர், சுமார் 43,000 டன். 1/100-ல் 2.62 மீட்டர், 43 கிலோ. அதாவது வண்டியும் போதாது, நாலு பேரும் போதாது. 1/144-க்கு இறங்கினால் 1.82 மீட்டர், 14 கிலோ சொச்சம், அழகாக அடங்குகிறது. இன்னொரு சிக்கல் வரைபடம். பணியில் இருக்கிற போர்க்கப்பலின் நீருக்கடி வடிவத்தை யாரும் கடையில் விற்பதில்லை. 2013-ல் தண்ணீரில் இறக்கியபோது எடுத்த படங்களை வைத்து வளைவுகளை ஊகிக்கலாம். மேலே தெரிகிற பகுதிக்குப் படங்கள் ஏராளம். கண்ணாடிப் பெட்டியில் நீர்மட்டத்துக்கு மேல் மட்டும் காட்டுகிற மாதிரி என்றால் நான் புதியதையே 1/144-ல் சொல்லியிருப்பேன்.

பழைய விக்ராந்த் மெஜஸ்டிக் வகையைச் சேர்ந்தது. 1943-ல் ஹெர்குலிஸ் என்ற பெயரில் பிரிட்டனில் அடிக்கட்டை போட்டு, 1945-ல் தண்ணீரில் இறக்கி, போர் முடிந்ததால் பாதியில் நிறுத்தி, 1957-ல் நாம் வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடித்து, 1961 மார்ச் 4-ல் கொடி ஏற்றியது. இந்தக் கதை கட்டுகிறவனுக்கு ஏன் முக்கியம் என்றால், இதே உடலுள்ள கப்பல்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஓடின: மெல்போர்ன், பொனவென்சர். மூன்று நாட்டு மாதிரிக்காரர்கள் ஐம்பது அறுபது வருடமாக அளந்து, வரைந்து, சண்டை போட்டு வைத்திருக்கிற உடல் இது. கோபுரமும் தளமும் நாட்டுக்கு நாடு மாறும். உடலின் வளைவு மாறாது. நீருக்கடியில் அகலம் 80 அடி, தளத்தோடு 128 அடி, ஆழம் 24 அடி. சுழலி தண்டு இரண்டே இரண்டு.

அப்புறம், நீளம் 700 அடி. 1/100-ல் ஏழு அடி. குட்டி யானைக்கு என்றே செய்தது போல வந்து விழுகிறது. முழுப் பாரத்தில் 19,500 டன், மாதிரியில் 19.5 கிலோ. நாங்கள் போட்ட வரம்புக்குள் அரைக் கிலோ மிச்சம். தளத்தின் அகலம் 39 சென்டிமீட்டர். எந்த வாசலிலும் நேராகவே போகும்.

ஒரு விஷயத்தை மட்டும் உடனே முடிவு செய்ய வேண்டும்: எந்த வருடத்து விக்ராந்த். 1980-களின் கடைசியில், விமானத்தை உந்திப் பறக்கவிடுகிற நீராவி கவண் போய், முன்பக்கத்தில் ஹாரியர் வளைவு வந்தது. அதற்கு முந்தைய கப்பலின் தளம் முழுக்கத் தட்டை. நான் கேட்பது 1971. அந்த டிசம்பரில் வங்கக் கடலிலிருந்து காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்கள்மீது விமானங்களை அனுப்பியது இந்தத் தட்டைத் தளத்திலிருந்துதான். நிஜக் கப்பல் இப்போது இல்லை. 1997-ல் ஓய்வு கொடுத்து, மும்பையில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக வைத்து, 2014-ல் உடைக்க விற்றார்கள். அந்த எஃகில் ஒரு பங்கு பஜாஜ் வி15 பைக்கின் பெட்ரோல் டேங்க்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது பார்க்க வேண்டும் என்றால் யாராவது கட்டினால்தான் உண்டு. புதியதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு இன்னும் முப்பது நாற்பது வருடம் இருக்கிறது.

விமானங்கள் கேட்கிற விலை

1/100-க்கு எதிராக ஒரே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அது விமானம். கடை கிட்களில் விமானங்கள் அதிகம் கிடைப்பது 1/72-ல். ஒரு அங்குலம் ஆறடிக்குச் சமம் என்ற பழைய ஆங்கிலேயக் கணக்கு அது. எந்த நாட்டு விமானமும் அந்த அளவில் ஏதோ ஒரு பெட்டியில் கிடைத்துவிடும். பழைய விக்ராந்தை 1/72-ல் கட்டினால் தளம் முழுக்கக் கடையில் வாங்கியே நிரப்பலாம். கப்பல் 2.96 மீட்டர், 52 கிலோ ஆகும். பாம்பன் அண்ணனுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "வள்ளம் தூக்குறவனுக்கு அம்பது கிலோ என்ன தம்பி" என்றார். அவருக்குச் சரி. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் தூக்கப் போவது அவர் இல்லை.

கணக்கை வேறு பக்கமாகவும் பார்க்கலாம். பெரிய ஸ்கேலில் ஒவ்வொரு விமானமும் ஒரு தனி வேலை. பழைய விக்ராந்தில் இருந்த சீ ஹாக் போர் விமானத்தின் நீளம் 12 மீட்டர்; 1/72-ல் 17 சென்டிமீட்டர். அதன் சக்கரக் கதவு, மடங்கும் சிறகின் கீல், விமானி உட்காரும் இடம் எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் செய்ய வேண்டும், ஒரு டஜன் விமானத்துக்கும். பெட்டி கிட்களைக் கூரியரும் சுங்க வரியும் சேர்த்து வாங்கினால் கப்பலைவிட விமானங்களுக்குத்தான் அதிகம் செலவாகும். 1/100-ல் 12 சென்டிமீட்டர். கடையில் கிடைக்காது, அச்சிட வேண்டும். 1971-ல் தளத்தில் இருந்தவை சீ ஹாக், அலிசே, கூட ஒரு அலுவெட் ஹெலிகாப்டர், அவ்வளவுதான் வகை. ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு முறை வரைந்தால் எத்தனை வேண்டுமானாலும் முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். சிறகு மடித்ததும் விரித்ததுமாக இரண்டு விதம் எடுத்துவிட்டால் தளம் உயிரோடு இருக்கும்.

அச்சுக்கு எந்தப் பிளாஸ்டிக் என்பது நம் ஊரில் முக்கியம். சுலபமாக அச்சாகிறது என்று எல்லாரும் வாங்குகிற பிஎல்ஏ, 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஏர்வாடி சாலையில் நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு வந்துவிடும், சிறகு தொங்கிவிடும். பெட்ஜி 80 டிகிரி வரை தாங்கும், ஏபிஎஸ் நூறு வரை. அச்சிட்டுத் தருகிறவர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றில்லை.

உடல்: பைபரா, பிளைவுட்டா, தெர்மாகோலா

இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு மற்ற மாதிரிக்காரர்களிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர் கப்பல் மாதிரி கட்டினால் ரெசின், கண்ணாடி இழை மேட், ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். நம் பக்கம் நாட்டுப்படகில் பாதிக்கு மேல் பைபர். ஓட்டை அடைக்கிற கையே நமக்கு ஹல், அதாவது கப்பல் உடல், போட்டுக் கொடுத்துவிடும். பிளைவுட்டா பைபரா என்று வெளியூர்க்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற வாதம் நமக்கு ஒரு வரியில் முடிகிறது: வெளித்தோல் பைபர்தான். மரைன் பிளை நல்ல பொருள், ஆனால் இந்தக் காற்றில் அதையும் இரண்டு பக்கமும் எபாக்சி பூசி மூடித்தான் வைக்க வேண்டும். பைபர் போட்ட பிறகு அந்தப் பயம் இல்லை. அச்சிட்ட ஹல் வேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு கசிவு வாய்ப்பு.

உண்மையான கேள்வி, பைபரை எதன்மேல் போடுவது. மூன்று வழி இருக்கிறது.

முறையான வழி, முதலில் மரத்தில் உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் மெழுகு தடவி, ஜெல்கோட் அடித்து, மேட் போட்டு எடுப்பது. படகுப் பட்டறையில் இப்படித்தான். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வரும், தேய்க்கிற வேலை இல்லை. ஒரே கப்பலுக்கு இது அளவுக்கு மீறிய உழைப்பு. மூன்று பள்ளிக்கு மூன்று ஹல் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாவது, குறுக்குச் சட்டங்களை ஏராவில் (அடிக்கட்டையில்) நிறுத்தி, மெல்லிய மரக் கீற்றுகளை அணியம் என்கிற முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை வளைத்து ஒட்டி, அதன்மேல் நேரடியாக மேட். வள்ளம் கட்டுகிற முறையின் சின்ன வடிவம். வளைவு துல்லியமாக வரும், உள்ளே சட்டங்கள் இருப்பதால் தளத்தைத் தாங்கவும் இடம் இருக்கும். நேரம் பிடிக்கும்.

மூன்றாவது தெர்மாகோல். சூடான கம்பியால் அறுத்து உருவம் செய்து, மேலே பைபர் போட்டு, பிறகு உள்ளே குடைந்து எடுத்துவிடுவது. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஒற்றை ஆள் மீன்பிடிக்கிற தெர்மாகோல் மிதவைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. விலையும் குறைவு, நாளும் குறைவு. ஆனால் பட்டறையில் இருக்கிற ரெசின் பாலியஸ்டர். அதை நேரடியாகத் தெர்மாகோல்மேல் ஊற்றினால் கண்ணெதிரே கரைந்து குழியாகிவிடும், காரணம் அந்த ரெசினில் இருக்கிற ஸ்டைரீன். தெர்மாகோல் வழியில் போகிறவர்கள் எபாக்சி வாங்க வேண்டும், அல்லது உருவம் முழுக்கப் பழுப்பு பேக்கிங் டேப் சுற்றிவிட்டுப் பாலியஸ்டர் போட வேண்டும். டேப் சுருங்குகிற இடங்களில், முக்கியமாக அணியத்தின் கூர்மையில், வடிவம் கெடும்.

நான் இரண்டாவது வழிக்கு ஓட்டுப் போட்டேன், அண்ணனும். ஏழடி ஹல்லுக்கு 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும். தோல் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். படகுக்குப் போடுகிற பழக்கத்தில் தடிமனாக 450-ஐ மூன்று அடுக்கு போட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வீட்டில் தனியாகச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரு நாளும் நேருக்கு நேர் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கிற நேரம். அப்போது பைபர்க்காரரிடம் பொம்மைக் கப்பல் வேலை என்று போய் நின்றால் நட்பு கெடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் ஜெல்கோட் சரியாக இறுகாது. தை முதல் பங்குனி வரைதான் சரியான காலம்.

தளம்

விமானந்தாங்கி என்றாலே தளம்தான் கப்பல். வேறு எந்தக் கப்பலிலும் சின்ன நெளிவை ஏதாவது ஒரு கொட்டகையோ பீரங்கியோ மறைத்துவிடும். இங்கே ஏழடிக்கு ஒரு வெட்டவெளி. இரண்டு மில்லிமீட்டர் நெளிந்தாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

பிளைவுட் தளம் ஈரத்தில் முறுக்கும். சன்போர்டு என்கிற நுரைப் பிளாஸ்டிக் பலகை வெட்டச் சுகம், லேசானது, பெயர்ப் பலகைக் கடையில் கிடைக்கிறது. ஆனால் வெயிலில் நீளும். இருபது டிகிரி சூடு ஏறினால் ஏழடிக்கு மூன்று மில்லிமீட்டர் வரை. ஓரங்களை இறுக்கிப் பிடித்திருந்தால் நடுவில் மேடாகும். கடை முகப்புகளில் ஒட்டுகிற ஏசிபி ஷீட் இதற்கு நல்ல மாற்று: இரண்டு பக்கமும் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். அதே சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நீளும், ஈரம் குடிக்காது, பிறவியிலேயே தட்டை. மூன்று மில்லிமீட்டர் ஷீட்டில் தளம் சுமார் மூன்று கிலோ வரும். திருகு ஓட்டைகளைக் கொஞ்சம் நீள்வட்டமாகப் போட்டுவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டரும் தன்பாட்டில் நகரும்.

இதில் ஒரு குறை. அலுமினியத் தளத்துக்கு அடியில் ரிமோட்டின் ரிசீவரை வைத்தால் சிக்னல் கிடைக்காது. ஆன்டெனாவைக் கோபுரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். கோபுரத்தை அச்சிட்ட பிளாஸ்டிக்கில் செய்வதால் இது கஷ்டமில்லை. தளத்தைச் சுற்றிய பாதுகாப்பு வலைக்கு ஆசிரியர் மீன்வலைத் துண்டு கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்; கண்ணி பெரிது. 1/100-க்குச் சரியாக வருவது கொசுவலை.

மூன்று கிலோ தளம் உயரத்தில் உட்காருவதால் கீழே பாரம் வேண்டும். எடைக் கணக்கு 19.5 கிலோ என்பதால் கைவசம் நிறைய இருக்கிறது. யுபிஎஸ்-களில் போடுகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வைத்தால் அதுவே ஐந்து கிலோ. மிச்சத்துக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. கிலோ கணக்கில் எந்தக் கடலோரக் கடையிலும் கிடைக்கும், சின்னப் பைகளில் போட்டு முன்னும் பின்னும் நகர்த்திக் கப்பலைச் சமன் செய்யலாம். தூக்கும்போது பைகளையும் பேட்டரியையும் எடுத்துவிட்டால் கப்பல் பாதி எடைதான். இந்த வழி இருக்கும்போது 1/72-ம் முடியுமே என்று அண்ணன் மறுபடி கேட்டார். வண்டி நீளாதே அண்ணே என்றேன்.

எந்தத் தண்ணீரில்

முதல் மிதவைச் சோதனை ஊருணியில்தான். நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் அடர்த்தி வித்தியாசம் இரண்டரை சதவீதம். ஊருணியில் கொஞ்சம் அதிகம் இறங்கி மிதக்கும், கடலில் சரியாகிவிடும். கசிவு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும், மோட்டாருக்கு உப்பும் படாது. குடிதண்ணீர் ஊருணியாக இருந்தால் ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும் கண்மாய் ஓரமே நல்லது.

கடல் என்றால் காற்றைப் பார்த்துத்தான் எந்தக் கடல் என்று சொல்ல முடியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும்; வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், குளம் போலக் கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் நேர் எதிர். மாதிரிக்கு அலை என்பது வேறு கணக்கு: 1/100-ல் பத்து சென்டிமீட்டர் அலை, நிஜக் கப்பலுக்குப் பத்து மீட்டர் அலை. நாம் காலை நனைத்து நிற்கிற சாதாரண அலையே அதற்குப் புயல். ஆகவே ஜூன் முடிந்து ஆவணி வரை தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து வடகடல், அதுவும் விடியற்காலை. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம், 1986 முதல் அது தேசியப் பூங்கா.

காற்றுக்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஏழடி நீளம், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் போலச் சுவர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று பக்கவாட்டில் அடித்தால் இரண்டு மூன்று கிலோ எடையால் தள்ளுகிற மாதிரி இருக்கும். சின்ன மோட்டார் இரண்டும் சுக்கானும் அதை எதிர்த்து நிற்காது. கப்பல் இலங்கை பார்த்துக் கிளம்பிவிடும். வேகமும் அதிகம் தேவையில்லை. நிஜக் கப்பல் 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல் மைல் ஓடியது. 1/100 மாதிரியில் அதே தோற்றத்துக்கு 2.5 நாட், அதாவது நாம் கரையோரம் நடக்கிற வேகம். அதற்கு மேல் விரட்டினால் பொம்மைப் படகு போல அலை எழுப்பும், பார்க்கச் சகிக்காது. வாடகைக்கு ஒரு வத்தையை (சின்னப் படகை) தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கடலோரக் காவல் குழுமத்துக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று கண்காணிப்பு அதிகமுள்ள கரை இது. விடியலில் ஒரு சாம்பல்நிறப் போர்க்கப்பல், அது ஏழடிதான் என்றாலும், ஆளில்லாமல் ஓடினால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

ஆக எங்கள் தேர்வு: 1971-ன் பழைய விக்ராந்த், 1/100, மரக் கீற்றுமேல் பைபர், ஏசிபி தளம், அச்சிட்ட விமானங்கள். கண்ணாடிப் பெட்டி மட்டும் போதும் என்பவருக்குப் புதிய விக்ராந்த், 1/144, நீர்மட்டத்துக்கு மேல். தனியாகக் கட்டுகிறவருக்கு 1/350 பெட்டி கிட்.

ரெசின் வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி ஏழடிக்குப் பதினைந்தரை அங்குலத்தில் ஒரு வெட்டுரு செய்து, அதைக் காக்கா வீட்டு மாடியிலிருந்து இறக்கி, குட்டி யானையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை சீ ஹாக் நிறுத்துவது என்ற சண்டையை அந்த அட்டைமேல் வைத்தே முடித்துவிடலாம் என்கிறார் ஆசிரியர். அவர் இன்னும் விராட்டைக் கைவிடவில்லை. அட்டையில் முன்பக்கத்தை வளைத்து ஒட்டிக் கொண்டுவருவார் என்றுதான் நினைக்கிறேன்.